ஜில்லஸ்பி குதிரையோடு ஒரு பந்தயம்

என் மனைவிக்குச் சொந்த ஊர் பொள்ளாச்சிப் பக்கம். ரேக்ளா பார்த்து வளர்ந்தவள். மாட்டு வண்டி போகிற வேகத்தைச் சக்கரச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள், அப்படி ஒரு குடும்பம். கல்யாணமாகி பன்னிரண்டு வருடத்தில் வேலூர் என்றால் அவளுக்குத் தெரிந்தது இரண்டுதான். ஒன்று சி.எம்.சி. ஆஸ்பத்திரி வராந்தா, அப்பாவை அங்கே சேர்த்திருந்தபோது பத்து நாள் உட்கார்ந்த இடம். இன்னொன்று வெயில்.

நான் பிறந்து வளர்ந்தது ராணிப்பேட்டை. இப்போது சென்னையில் வேலை. ஊர்ப் பெருமை பேசுகிற வியாதி எனக்கு உண்டு, அதுவும் சொந்தக்காரர் கூடும் இடத்தில் கொஞ்சம் அதிகமாகவே வரும். போன தை மாதக் கடைசியில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, வேலூர்க் கோட்டை மாதிரி ஒரு கோட்டை தமிழ்நாட்டிலேயே கிடையாது என்று நான் ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, கோட்டை கோட்டைன்னு சொல்றீங்களே, அதுல ராஜா இருந்தாருங்களா? குதிரையாச்சும் ஒண்ணு இருக்குதுங்களா?" என்றாள்.

சித்திக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய சொலவடையே உண்டு: நீரில்லா ஆறு, மரமில்லா மலை, சாமியில்லா கோயில், ராஜா இல்லாத கோட்டை. வேலூரைக் கிண்டல் செய்ய வெளியூர்க்காரன் தேவையில்லை, நாங்களே போதும்.

சரி, குதிரை. குதிரைக்கு என்னிடம் பதில் இருந்தது.

1806 ஜூலை 10. பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள், வேலூர்ப் புரட்சி. விடிவதற்கு முன் கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் எழுந்து, வெள்ளைக்கார அதிகாரிகளைச் சுட்டு, திப்புவின் புலிக்கொடியை ஏற்றிவிட்டார்கள். கோட்டைக்கு வெளியே தங்கியிருந்த மேஜர் கூட்ஸ் மூலமாகச் சேதி ராணிப்பேட்டை குதிரைப்படை முகாமுக்கு வந்தது. அங்கிருந்து கர்னல் ஜில்லஸ்பி குதிரைப்படையோடு பறந்து போய், காலை ஒன்பது மணிவாக்கில் கோட்டையைச் சேர்ந்துவிட்டான். பதினாறு மைல், ஏறக்குறைய 25 கிலோமீட்டர். (வெள்ளைக்காரன் குறிப்புகளில் ஆற்காட்டிலிருந்து என்று இருக்கும், நம் பாடப்புத்தகத்தில் ராணிப்பேட்டை. நடுவில் இருப்பது பாலாறு மட்டும்தான், அதனால் நான் சண்டைக்குப் போவதில்லை.)

இதைவிடப் பெரிய குதிரைப் பந்தயம் எந்த ஊரில் நடந்திருக்கிறது சொல்லு என்றேன். கிண்டியில் வட்டம் சுற்றுகிறார்களே, அதெல்லாம் ஒரு பந்தயமா? 1974-ல் தமிழ்நாடு அரசு சூதாட்டம் என்று சொல்லிக் குதிரைப் பந்தயத்தைத் தடை செய்து சட்டம் போட்டது, 1996-ல் உச்ச நீதிமன்றம் இது திறமைக்கான ஆட்டம், சூதாட்டம் இல்லை என்று தீர்ப்பு சொன்னது. எங்கள் ஊர்ப் பந்தயத்தில் அந்தக் குழப்பமே கிடையாது, வைத்த பந்தயம் உயிர்தான். இப்படி நான் பேசிக்கொண்டே போக, அவள் கேட்டது ஒரே கேள்வி: "நாளைக்கு நாமளும் அதே வழில போய்ப் பார்க்கலாமா? எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு?"

இப்படித்தான் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை சரியாக ஏழு மணிக்கு, சித்தி பையனுடைய ஆக்டிவாவில், இரண்டு ஹெல்மெட், ஒரு தண்ணீர் பாட்டில், சித்தி கட்டிக்கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு நாங்கள் கிளம்பினோம். ஜில்லஸ்பி சுமார் இரண்டு மணி நேரம். நாங்கள் ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு.

பாலத்தில் ஏறும்போதே பேச்சு தேசிங்கு ராஜாவுக்குப் போய்விட்டது, ஏனென்றால் குதிரை என்று ஆரம்பித்தால் ராணிப்பேட்டைக்காரனால் அவரை விட முடியாது. யாருக்கும் அடங்காத குதிரையை அடக்கியவர் என்று கதைப்பாட்டு பாடுகிற செஞ்சி ராஜா. 1714-ல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதிச் செத்தார், ரொம்பச் சின்ன வயது. அவர் மனைவி உடன்கட்டை ஏற, அந்த ராணியின் நினைவாக நவாப்பே வைத்த பேர்தான் ராணிப்பேட்டை என்று சொல்வார்கள். கொன்றவனே பேர் வைத்த ஊர். இதை என் மனைவியிடம் சொன்னபோது பின்னாலிருந்து பதிலே வரவில்லை. பாலத்துக்குக் கீழே மணலும் கருவேலமும், நடுவில் ஒரு வாய்க்கால் அகலத்துக்குத் தண்ணீர். 2021 நவம்பரில் இதே ஆறு கரை புரண்டு ஓடியதை நான் பார்த்திருக்கிறேன், பாலத்தில் நின்றவர்கள் எல்லோரும் போட்டோ எடுத்தார்கள், ஏனென்றால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆற்காட்டில் முதல் தாமதம். டெல்லி கேட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆற்றங்கரையில் தனியாக நிற்கும் அந்த வாசல்தான் பழைய ஆற்காட்டுக் கோட்டையில் மிச்சம். 1751-ல் கிளைவ் ஒரு சின்னப் படையை வைத்துக்கொண்டு 50 நாள் முற்றுகையைத் தாங்கியது இங்கேதான், இங்கிலீஷ்காரன் இந்தியாவில் காலூன்றிய கதையில் முதல் பக்கத்தில் வரும் இடம். இப்போது அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. ஐந்து நிமிடம் நின்றோம், அவள் நாய்க்கு ஒரு இட்லி போட்டாள், கிளம்பினோம்.

விஷாரம் தாண்டும்போது தோல் தொழிற்சாலை வாடை. எனக்கு அது ஊர் வாசனை, அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். வண்டி ஓட்டிக்கொண்டே சத்தமாகச் சொன்னேன், 1806-ல் சண்டையே தோலில்தான் ஆரம்பித்தது என்று. சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை கொடுத்தார்கள், அதில் தோலால் செய்த ஒரு சின்னம். நெற்றியில் நாமமோ திருநீறோ கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், மீசையைச் சொன்ன அளவில் வெட்ட வேண்டும். தலைப்பாகையில் இருந்த அந்தத் தோல் மாடா பன்றியா என்று ஆளாளுக்குச் சந்தேகம். இந்துவையும் முஸ்லிமையும் ஒரே உத்தரவில் ஒன்றுசேர்த்த புண்ணியவான்கள். மறுத்தவர்களுக்குக் கசையடி.

ரத்தினகிரி மலைமேல் முருகனுக்கு வண்டியிலிருந்தே ஒரு கும்பிடு. மணி ஏழே முக்கால். நல்ல வேகம், ஜில்லஸ்பியை ஓரங்கட்டிவிடுவோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பெருமுகைக்கு முன்னால் ஒரு பிரிவில் பேனர். மாடு விடும் விழா.

என் தோளில் ஒரு தட்டு. "நிறுத்துங்க."

தெரியாதவர்களுக்கு: எங்கள் வட ஆற்காட்டு மாடு விடும் விழா மதுரைப் பக்கத்து ஜல்லிக்கட்டு இல்லை. யாரும் திமிலைப் பிடித்துத் தொங்குவதில்லை. தெருவின் இரண்டு பக்கமும் சவுக்குக் கட்டை நட்டுத் தடுப்பு கட்டி, ஒரு முனையில் காளையை அவிழ்த்துவிடுவார்கள், அது குறிப்பிட்ட தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. குறைந்த நேரத்தில் ஓடிய மாட்டுக்கு முதல் பரிசு. அதாவது இதுவும் ரேஸ்தான், ஜாக்கி இல்லாத ரேஸ். ஒவ்வொரு மாடாகத் தனித்தனியாக ஓடும், பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு மாடு கிடையாது, கடிகாரத்தோடுதான் போட்டி.

உள்ளே நுழைய இடமில்லை. ஊருக்கு வெளியே டாடா ஏஸ் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, ஒவ்வொன்றிலும் கொம்பில் பெயின்ட் அடித்து, நெற்றியில் குங்குமம் வைத்து, கழுத்தில் பூ சுற்றிய காளை. கால்நடை டாக்டர் பார்த்து அனுமதி கொடுத்த மாடுகள்தான் வரிசையில் போகலாம். தெரிந்தவர் வீடு என்று யாரும் கிடையாது, ஆனாலும் ஒரு அம்மா எங்களைப் பார்த்ததும் "மேல வாம்மா, கீழ நிக்காத" என்று மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மொட்டைமாடியில் ஏற்கெனவே முப்பது பேர். மைக்கில் ஒருவர் மூச்சுவிடாமல் பேசுகிறார், எந்த ஊர் மாடு, யார் வீட்டு மாடு, தடுப்பை விட்டு உள்ளே வராதீர்கள், உள்ளே வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், உள்ளே போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஓடுகிற மாட்டைத் தொட்டுப் பார்த்தால்தான் இந்தப் பையன்களுக்குத் திருப்தி. எனக்கு இந்த ஒரு விஷயம் எப்போதும் பிடித்ததில்லை. ஒரு பையன் கீழே விழுந்து, மாடு அவனைத் தாண்டிக் குதித்துப் போனபோது என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள், ஆனால் மறு நொடியே "எத்தனை செகண்டுன்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

பக்கத்தில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். பேச்சு கொடுத்ததில், அவர் வீட்டிலும் காளை இருக்கிறது, அன்றைக்குக் கால் நொண்டியதால் கொண்டுவரவில்லை. 2014-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டபோது மாட்டை விற்றுவிடு என்று எல்லோரும் சொன்னார்களாம், விற்காமல் வைத்திருந்தாராம், 2017-ல் சட்டத் திருத்தம் வந்த பிறகுதான் திரும்ப ஓடவிட்டார். 2023-ல் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்த அன்று மாட்டுக்கு மாலை போட்டதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். என் மனைவி அவரிடம் தீவனத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தாள். பருத்திக்கொட்டை எவ்வளவு, நீச்சல் விடுவீர்களா, மண்ணில் ஓடவிட்டுப் பழக்குவீர்களா. இரண்டு பேரும் இரண்டு ஊர்த் தமிழ். அவர் "இன்னாம்மா, நீ மாடு வச்சிக்கினு இருந்தியா?" என்கிறார், இவள் "எங்க அப்பாரு வச்சிருந்தாருங்க" என்கிறாள். நான் நடுவில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஒன்பது மணி ஆனபோது, இந்நேரம் ஜில்லஸ்பி கோட்டை வாசலில் நிற்கிறான் என்று சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அங்கிருந்து கிளம்பும்போது பன்னிரண்டரை. பசி. சத்துவாச்சாரியில் பிரியாணி, அதோடு கத்திரிக்காய்த் தொக்கு. சாப்பிட்டுவிட்டு வெளியே வந்தால் தை மாதம் என்று பேர்தான், வெயில் மண்டையைப் பிளக்கிறது, அங்கேயே ஒரு வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டுவிட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டோம். கோட்டை அகழிப் பாலத்தில் நுழையும்போது மூன்று இருபது. ஆக, ராணிப்பேட்டையிலிருந்து எட்டு மணி இருபது நிமிடம். குதிரைக்கு இரண்டு, ஆக்டிவாவுக்கு எட்டு.

அகழியைப் பார்த்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். எங்கள் ஊரில் தண்ணீர் இருக்கும் ஒரே இடம் இதுதான். 133 ஏக்கர் கோட்டை, சுற்றிலும் கருங்கல் மதில், அதைச் சுற்றித் தண்ணீர். விஜயநகரக் காலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் பொம்மி நாயக்கர் கட்டியது, அப்புறம் பீஜப்பூர்க்காரர், மராட்டியர், நவாப், கம்பெனி என்று வரிசையாகக் கை மாறியது. அகழியில் பத்தாயிரம் முதலை விட்டிருந்தார்கள் என்று சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் அவளுக்குச் சொன்னேன். "பத்தாயிரம் முதலைக்கு தினமும் என்னங்க தீனி போட்டிருப்பாங்க?" என்று கேட்டாள். மாடு வளர்த்த வீட்டுப் பெண்ணிடம் இந்தக் கதையெல்லாம் எடுபடாது.

வாசலில் நின்று மீதிக் கதையைச் சொன்னேன். ஜில்லஸ்பி படையை முந்திக்கொண்டு இருபது பேரோடு முதலில் வந்து சேர்ந்துவிட்டான். கடைசிக் கதவு சாத்தியிருக்கிறது. வாசலுக்கு மேலே மதிலில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் கொஞ்சம் பேர் தோட்டா தீர்ந்துபோய் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள். மேலேயிருந்து கயிறு மாதிரி ஒன்றை இறக்க, அதைப் பிடித்து மதிலேறி அவர்களுக்குத் தலைமை தாங்கினான். பின்னாலேயே குதிரைகள் இழுத்துக்கொண்டு வந்த பீரங்கி வந்தது, கதவைப் பிளந்தது, குதிரைப்படை உள்ளே பாய்ந்தது. முடிந்தது. எழுந்து எட்டு மணி நேரத்துக்குள் புரட்சி அடங்கிவிட்டது.

இதைச் சொல்லும்போது நான் கையையெல்லாம் ஆட்டியிருக்கிறேன் போல. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, காத்தாலேர்ந்து பார்க்கறேன், நீங்க அந்த வெள்ளைக்காரன் ஜெயிக்கணும்னு வண்டி ஓட்டற மாதிரியே இருக்குது" என்றாள்.

சட்டென்று ஒன்றும் சொல்ல முடியவில்லை. உண்மைதான். ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது வாத்தியார் இதைச் சொன்ன விதத்திலேயே குதிரைக் குளம்படிதான் பெரிதாகக் கேட்டது. குதிரையில் வருகிறவன்தானே கதாநாயகன், நம் மனசு அப்படிப் பழகிவிட்டது. அவன் வந்து சேர்ந்ததால் என்ன நடந்தது என்பது அடுத்த பாராவில் இருந்தது, பரீட்சைக்கு இரண்டு மார்க். அரண்மனைப் பக்கம் பிடிபட்டவர்களில் நூறு பேர் வரைக்கும் சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். அன்று செத்த நம்மவர்கள் மொத்தம் 300-க்கும் மேல். அப்புறம் விசாரணை என்ற பெயரில் சிலரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள், சிலரைத் தூக்கிலிட்டார்கள். நெற்றியில் திருநீறு வைத்தால் தப்பா என்று கேட்ட பையன்கள். அவர்கள் பக்கமும் தப்பு இருக்கிறது, வெள்ளையரில் நூற்றுக்கும் மேற்பட்டோர் அன்று செத்தார்கள், அதில் பலர் தூக்கத்தில் இருந்தவர்கள். கோட்டையைப் பிடித்த பிறகு வாசலைக் காக்காமல் கொள்ளையில் இறங்கிவிட்டார்கள் என்றும் குறிப்புகள் சொல்கின்றன. கதவை ஒழுங்காகக் காத்திருந்தால் அந்த இருபது குதிரையும் அகழிக்கரையில் நின்று புல் மேய்ந்திருக்கும்.

"அந்தக் குதிரைங்களுக்கு யாருங்க தண்ணி காட்டுனாங்க?" என்று அவள் அடுத்ததாகக் கேட்டாள். ஜூலை மாத வேலூரில் 25 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவந்த குதிரைகள். இந்தக் கேள்வி எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

உள்ளே மைதானத்தில் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கோயில், மசூதி, சர்ச் மூன்றும் ஒரே மதிலுக்குள். மியூசியத்தை வேகமாக ஒரு சுற்று. திப்பு மஹால், ஹைதர் மஹால் பக்கம் வெளியிலிருந்தே பார்த்தோம். 1799-ல் திப்பு விழுந்த பிறகு அவர் பிள்ளைகளைக் கொண்டுவந்து வைத்திருந்த இடம். புரட்சிக்கு முதல் நாள் ஒரு மகளுக்குக் கல்யாணம், அந்தக் கூட்டத்தைச் சாக்காக வைத்துத்தான் வெளியாட்கள் உள்ளே வந்தார்கள் என்று பிறகு கம்பெனி சந்தேகப்பட்டது. அதற்குப் பிறகு மொத்தக் குடும்பத்தையும் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்து வருடம் கழித்து, 1816-ல், கண்டியின் கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் கைதியாக வந்தார், 1832-ல் சாகும்வரை இங்கேதான். ராஜா இருந்தாரா என்று நேற்று கேட்டாயே, இருந்தார், பூட்டி வைத்திருந்தார்கள் என்றேன்.

ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் போகும்போது நாலரை. சாமியில்லா கோயில் என்று சொலவடையில் வருவது இதுதான். நூற்றாண்டுக் கணக்கில் மூலவர் இல்லாமல் கிடந்து, 1981-ல்தான் சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். சாமியும் நாங்கள் வந்த ரோட்டிலேயே வந்தவர்தான், அவருக்கும் தாமதமாகிவிட்டது.

கல்யாண மண்டபத்தைப் பார்த்ததும் அவள் என் கையை விட்டுவிட்டுத் தனியாக முன்னே போனாள். முன்வரிசைத் தூண்கள் முழுக்க குதிரை. முன்னங்கால் இரண்டையும் தூக்கி நிற்கும் குதிரைகளும் யாளிகளும், மேலே வீரர்கள், கீழே நசுங்குகிற ஆட்கள். கடிவாளம், சேணத்தின் வார், மணி, எல்லாம் கல்லில். கம்பெனிக்காரன் இந்த மண்டபத்தைப் பெயர்த்துக் கப்பலில் ஏற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுபோகத் திட்டம் போட்டான், கப்பல் வராததால் தப்பியது என்று ஒரு கதை உண்டு. அவள் ஒவ்வொரு தூணாக நின்று, குதிரையின் வாயைப் பார்த்தாள். "கடிவாளம் எவ்வளவு இறுக்கமா இழுத்திருக்காங்க பாருங்க, வாய் கிழிஞ்சிரும்" என்றாள். அப்புறம் உள்கூரையில் இருக்கும் கிளிகளைக் காட்டினேன், தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தாமரையைக் கொத்தும் கிளிகள். அதையும் பார்த்தாள், ஆனால் திரும்ப வந்து குதிரையிடம்தான் நின்றாள். இருட்டும் வரைக்கும் அங்கே இருந்தோம்.

கண்டி ராஜாவின் சமாதி, முத்து மண்டபம், பாலாற்றங்கரையில் இருக்கிறது, அதைப் பார்க்க நேரமில்லை. ராத்திரி திரும்பும் வழியில் ஆற்காட்டில் நிறுத்திச் சித்திக்கு மக்கன் பேடா வாங்கினோம், அதையும் சேர்த்து ராணிப்பேட்டை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போது ஐம்பத்தைந்து நிமிடம்தான் ஆகியிருந்தது. ஜில்லஸ்பியைவிட ஒரு மணி நேரம் கம்மி என்று கடிகாரத்தைக் காட்டினேன்.

"இது கோட்டையை விட்டு ஓடி வந்ததுங்க, கணக்குல சேராது" என்று சொல்லிவிட்டு, பேடா டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.